என்னிடம் 61 கார் இருக்கிறது

தலைப்பைப் பார்த்துவிட்டு இவன் எந்த மிராசுதார் வீட்டுப் பையன் என்று யோசிக்க வேண்டாம். 61 காரையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு நானே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எல்லாம் டைகாஸ்ட் பொம்மைக் கார்கள். அதிலும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்தான். ஃபெராரி, லம்போர்கினி யாராவது சும்மா கொடுத்தால்கூட எதிர்வீட்டுக் குட்டிப்பயலுக்குப் போய்விடும்.

பெரும்பாலும் 1:64 அளவு. அதாவது நிஜ காரில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நாலு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிற ஃபேர்லேடி இஸட் என் உள்ளங்கையில் ஆறரை சென்டிமீட்டர். ஒரே கார் 64 வாங்கி வரிசையாக நிறுத்தினால் ஒரு நிஜ காரின் நீளம் வரும். அந்தக் கணக்கில் எனக்கு இன்னும் மூன்று கார் பாக்கி :)

"பி.காம் மூணாவது வருசம் படிக்கிற, இன்னும் பொம்மையா?" என்று வகுப்பில் கேட்டவர்கள் ஒன்பது பேர். (ஆமாம், எண்ணினேன்.) அவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத வேறு எங்கோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய ரேஸ் கேம். அதில் எனக்குக் கட்டுப்படியான கார் ஒன்றுதான் இருந்தது. நீளமான மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை. டாட்சன் 240 இஸட். அப்போது எனக்குத் தெரிந்த டாட்சன், எங்கள் தெருவில் நின்ற டாட்சன் கோ. அந்தக் கம்பெனி இப்படி ஒரு காரைச் செய்ததா என்று நம்பவே முடியவில்லை. (நம் ஊரில் டாட்சன் என்ற பெயரே 2022ல் முடிந்துபோனது. அது தனி சோகம்.) ஊருக்கு வந்ததும் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் கொக்கியில் அதே கார் தொங்கியது, நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு. அங்கே பிடித்த பைத்தியம்.

அந்தக் காருக்குப் பின்னால் உள்ள கதைகள் கிடைக்கக் கிடைக்க இன்னும் முற்றியது. 1969ல் வந்த அந்த வண்டிக்கு ஜப்பானில் ஃபேர்லேடி இஸட் என்று பெயர். ஒரு மேடை இசை நாடகத்தின் பெயரைப் பார்த்து நிசான் தலைவர் ஆசையாக வைத்தது. அமெரிக்காவில் நிசானை நடத்திக்கொண்டிருந்த யுடாகா கட்டயாமாவுக்கு இந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு "அழகிய சீமாட்டி" என்று பெயர் வைத்தால் எவன் வாங்குவான்? அங்கே 240 இஸட் என்று மாற்றித்தான் விற்றார். ஜப்பானில் இரண்டு லிட்டருக்கு மேல் எஞ்சின் போனால் வரி எகிறும் என்பதால் உள்ளூருக்கு இரண்டு லிட்டர், அமெரிக்காவுக்கு 2.4 லிட்டர். வரிக்காக எஞ்சினையே சின்னதாக்கியிருக்கிறார்கள். வணிகவியல் மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உள்ளூரிலேயே இஸட் 432 என்று ஒன்று உண்டு. ஒரு சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட். பெயரிலேயே மொத்த ஜாதகமும் இருக்கிறது.

ஸ்கைலைன் கதை இன்னும் மேல். முதலில் அது நிசான் வண்டியே இல்லை. பிரின்ஸ் என்ற கம்பெனியின் சாதாரண குடும்பக் கார். 1964ல் சுசுகாவில் நடந்த பந்தயத்துக்காக, பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை இந்தச் சின்ன காருக்குள் திணிக்க நினைத்தார்கள். இடம் இல்லை. மூக்கை வெட்டி 200 மில்லிமீட்டர் நீட்டிவிட்டார்கள். அந்த ஒட்டுப்போட்ட வண்டி ஒரு போர்ஷே 904ஐ முந்திக்கொண்டு ஒரு சுற்று போனது. ஜெயித்தது போர்ஷேதான். ஆனால் ஜப்பான்காரர்கள் இன்றுவரை பேசுவது அந்த ஒரு சுற்றைத்தான். 1966ல் பிரின்ஸ் நிசானோடு சேர்ந்தது, 1969ல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தது. பெட்டி மாதிரி இருப்பதால் செல்லப்பெயர் ஹகோசுகா. ஹகோ என்றால் பெட்டி. அடுத்த ஜிடி-ஆர் 1973ல், மொத்தமே 197 வண்டி. புகைக் கட்டுப்பாடுகளும் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. அதன்பின் 1989 வரை ஜிடி-ஆர் என்ற பெயரே கிடையாது.

இந்த வண்டிகளில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் கணபதியில் பார்க்கக் கிடைப்பது டாடா ஏஸ்.

ஜப்பான் குழந்தைகள் நிலைமையும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே கடைகளில் இருந்த சின்ன உலோகக் கார்களெல்லாம் வெளிநாட்டுக் கார்கள். தங்கள் தெருவில் ஓடும் வண்டி பொம்மையாக இல்லை. அதனால்தான் டோமி கம்பெனி 1970ல் டோமிகா என்று ஆறு ஜப்பான் கார்களோடு தொடங்கியது. டொயோட்டா 2000ஜிடியும் ஃபேர்லேடி இஸட்டும் அந்த ஆறில் உண்டு. என்னிடம் டோமிகா ஒன்பதுதான் இருக்கிறது. விலை அப்படி. மீதி பெரும்பாலும் ஹாட்வீல்ஸ். அமெரிக்கக் கம்பெனி, ஜப்பான் கார், அடியைத் திருப்பினால் மலேசியா என்று இருக்கும். பினாங்கில் அவர்கள் தொழிற்சாலை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காமர்ஸ் படித்ததால் எனக்கு வந்த முதல் வியாதி எக்செல். ஒவ்வொரு காருக்கும் ஒரு வரி. வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய விலை, பிரித்ததா பிரிக்காததா. சரக்கிருப்பை அடக்கவிலை அல்லது விற்றால் கிடைக்கும் நிகர மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில் காட்டு என்று ஏ.எஸ். 2 சொல்கிறது. பரீட்சையில் ஒழுங்காக எழுதி மார்க் வாங்கினேன். என் எக்செல்லில் மட்டும் எது அதிகமோ அதைப் போட்டேன். 22,350 ரூபாய்க்கு வாங்கியது 41,000க்கு மேல் "மதிப்பு". ராத்திரி தூங்கும்முன் அந்தக் கூட்டுத்தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

சேகரிப்பவர்கள் உலகத்தில் பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை. அட்டையும் அதன்மேல் பிளாஸ்டிக் குமிழும் அப்படியே இருக்கவேண்டும். அட்டையின் மூலை மடங்கினால்கூட விலை இறங்கும். பிரித்துவிட்டால் அது "லூஸ்". பல வண்டிகளுக்குப் பாதி விலைகூடத் தேறாது. என்னிடம் 20 பிரிக்காதவை இருந்தன. பீரோவுக்கு மேலே, வெயில் படாமல், பழைய வேட்டி சுற்றி.

வீட்டில் விலை தெரியாது. அம்மாவிடம் ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாய் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்பா கேட்டதே இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா ஒரு பிரஷர் டைகாஸ்டிங் பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். 22 வருடம். மோட்டார் பம்புக்கு உறுப்புகள், அலுமினியத்தில். நான் "டைகாஸ்ட், டைகாஸ்ட்" என்று தினமும் நண்பர்களோடு பேசுவேன். அப்பா தினமும் டைகாஸ்டிங் வாசனையோடு வீட்டுக்கு வருவார், டைக்கு அடிக்கிற எண்ணெய் கருகின வாசனை. இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், காலேஜில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "ஆட்டோமொபைல் சைடுல" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பம்பு எப்போது ஆட்டோமொபைல் ஆனது?

போன டிசம்பர். செமஸ்டர் பரீட்சை. காஸ்ட் அக்கவுண்டிங் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பா கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு காரைக் கண்ணுக்கு அருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கத்தரிக்கோல். கீழே அட்டை, கிழிந்த குமிழ். 2016ல் வந்த ஜப்பான் ஹிஸ்டாரிக்ஸ் வரிசையின் ஃபேர்லேடி இஸட். ரப்பர் டயர், உலோக அடித்தட்டு. பழக்கமான ஒரு அண்ணனிடம் கெஞ்சி 1,100 ரூபாய்க்கு வாங்கியது. என் எக்செல்லின் ராஜா.

கத்தினேன். பரீட்சையும் சரியாக எழுதவில்லை, எல்லாம் சேர்ந்துகொண்டது. ஆயிரத்து நூறு ரூபாய் என்று நானே உளறினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இருவத்திரெண்டு வருசமா டைகாஸ்டிங்ல இருந்து என்ன பிரயோசனம், ஒரு டைகாஸ்ட்டோட மதிப்புத் தெரியலியே உங்குளுக்கு" என்றேன்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. காரைக் கட்டில்மேல் வைத்தார், கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "தெரியாமப் பிரிச்சுப்போட்டேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

ராத்திரி அம்மாதான் சொன்னார். பட்டறையில் புதிதாக ஜிங்க் வேலை எடுக்கிறார்கள். ஏதோ கதவுக் கைப்பிடி ஆர்டர். அதற்கு ஒரு ஹாட் சேம்பர் மெஷின் வருகிறது. அலுமினியம் மட்டுமே ஊற்றிப் பழகிய அப்பாவை அதில் போடுவதா, வேறு சின்னப்பையனை எடுப்பதா என்று முதலாளி யோசிக்கிறாராம். ஜிங்க் பொருள் எவ்வளவு நைசாக வரும், எங்கே கோடு விழும் என்று பார்க்க அப்பாவுக்கு ஒரு சாம்பிள் வேண்டியிருந்தது. வீட்டில்தான் பீரோமேல் இருபது இருக்கிறதே. ஐம்பது ரூபாய்ச் சாமான்தானே. நான்தானே சொன்னேன்.

மறுநாள் காலை என் பேனா டப்பாவுக்குள் இரண்டு ஐந்நூறு, ஒரு நூறு. அப்பா ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் பேச்சு இல்லை. பிறகு நானே அந்தக் காரை எடுத்துப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இதுல என்னப்பா பாத்தீங்க?" என்றேன். அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் காரைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இங்க பாரு, ரெண்டு ரிவெட்டு மாதிரித் தெரியுதா? ரிவெட்டு இல்ல. மேல்பாடியிலயே ரெண்டு கம்பி மாதிரி ஊத்தி எடுத்து, அடித்தட்டு ஓட்டையில உட்டு, தலையை அமுக்கி விரிச்சுட்டானுக. தனியா ஒரு சாமான் மிச்சம்." பிறகு நகத்தால் பக்கவாட்டில் தடவிக் காட்டினார். பெயிண்ட்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு. டையின் இரண்டு பாதியும் சேருகிற இடம். ஐந்து வருடமாக அந்த மாதிரிக் கார்களை வைத்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. "மேலயும் கீழயும் மட்டும் டை தெறந்தா இந்த சன்னல் ஓட்ட வராது. பக்கத்துல இருந்து ஸ்லைடு வந்து போகோணும். டை அடிச்சவன் கெட்டிக்காரன்."

கையில் வைத்து எடை பார்த்தார். "அம்பது கிராம் வருமா? மெட்டல் பாஞ்சு ரூவாய்க்குள்ளதான். ஆனா டைக்கு லட்சக்கணக்குல ஆகும். அந்தக் காசு எப்படித் திரும்பி வரும் சொல்லு?"

நான் காஸ்ட் அக்கவுண்டிங் எழுதி நாலு நாள்தான் ஆகியிருந்தது. நிலைச் செலவு, எத்தனை எண்ணிக்கையில் பிரிக்கிறோமோ அத்தனைக்கத்தனை ஒன்றின்மேல் விழும் சுமை குறையும். "லட்சக்கணக்குல ஊத்தோணும்" என்றேன். "அதுக்குத்தான் அதே வண்டிய வருசா வருசம் வேற கலர்ல உடறானுகளாட்ட இருக்குது" என்றார். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் திட்டுகிற விஷயம் அது, மறுபடியும் அதே கார், வேறு பெயிண்ட். டை ஒன்று, பெயிண்ட் மட்டும் புதுசு. அலுமினிய டை ஒரு லட்சம் ஷாட் தாண்டுவதே பெரிது, ஜிங்க் குறைந்த சூட்டில் உருகுவதால் டை அதைப்போலப் பல மடங்கு தாங்கும் என்றும் சொன்னார். அலுமினியம் உருக 600 டிகிரியைத் தொடவேண்டும், ஜிங்க் கலவைக்கு 400 டிகிரிப் பக்கம் போதும். அதனால்தான் ஜிங்க் மெஷினில் உருக்குகிற பானை மெஷினோடு சேர்ந்தே இருக்கிறது. அலுமினியத்தை அப்படி வைத்தால் இரும்பையே தின்றுவிடும், கரண்டியால்தான் மொண்டு ஊற்றவேண்டும். அப்பா முழங்கையில் இருக்கிற புள்ளிப்புள்ளித் தழும்பெல்லாம் அந்தக் கரண்டியின் தெறிப்பு. அதையும் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜிங்க்கில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போச்சு, நாள்பட நாள்பட உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விட்டு உதிர்ந்துவிடும். பழைய பொம்மைகளுக்கு இந்த நோய் வரும் என்று சேகரிப்பவர்கள் பயப்படுவதை நான் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு அது படிப்பு இல்லை, புது மெஷினில் எது நடக்கக்கூடாது என்கிற கவலை.

பேச்சுவாக்கில், "நாங்க ஊத்தறது ஏடிசி டுவெல்வ், இது வேற" என்றார். இந்த ஏடிசி டுவெல்வ் என்கிற சொல்லைச் சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ தோன்றித் தேடினேன். அது ஜப்பான் தரநிலைப் பெயர். ஜப்பான், ஜப்பான் என்று நான் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தபோது அப்பா வாயில் அது 22 வருடமாக இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா? எங்குளுக்கு அது பம்பு அலுமினியம்" என்றார்.

ஜனவரியில் ஒருநாள் அலமாரியில் ஃபேர்லேடியைக் காணோம். பதறிப்போய் அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு முதல்முறை. உள்ளே ஓரமாக டூல் ரூம். கருங்கல் மேசைமேல் என் கார், சுற்றி நாலு பேர். ஒருவர் வெர்னியரை வைத்துக் கதவுப் பக்கம் எத்தனை மில்லி என்று அளக்கிறார். இன்னொருவர் "ஸ்லைடு நாலுங்க" என்கிறார், அப்பா "ரெண்டு போதும்" என்கிறார். என்னைப் பார்த்ததும் ஒருவர், "இவன்தானுங்களா கார் வெச்சிருக்கற தம்பி? அறுவது இருக்குதாமா?" என்றார். அப்பா திரும்பி, "அறுவத்தொண்ணு" என்றார்.

எனக்குத்தான் அங்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அரத்தால் பிசிறு ராவிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது மெஷினில் அப்பாவைத்தான் போட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஓடுகிறது. என் காரால்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் இல்லை. 22 வருடம் லீவு போடாமல் போனதால்தான்.

அந்த 1,100 ரூபாய் இன்னும் பேனா டப்பாவில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. செலவு செய்யவும் கை வரவில்லை. எக்செல்லில் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்றும் தெரியவில்லை. "இன்றைய விலை" என்ற பத்தியை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் டையின் கோடு எங்கே ஓடுகிறது, ஸ்லைடு எத்தனை என்று எழுதுகிறேன். (சத்தியமாக, வகுப்பில் யாரும் இதைப் படித்துவிட்டுக் கலாய்க்கக்கூடாது.) அம்மாவிடம் எல்லா விலையையும் சொல்லியாகிவிட்டது. அதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிப் பதிவாக வரும்.

பிரிக்காதவை இப்போது 13. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று குறைகிறது. போன வாரம் மாஸ்டா ஆர்எக்ஸ்-3. அதில் பின்பக்கம் உள்ளே ஊற்று சரியாகப் போகாமல் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறது என்று அப்பா கண்டுபிடித்தார். பயங்கர சந்தோஷம் அவருக்கு.

அடுத்து ஹகோசுகா வேண்டுமாம், கூரை ஓரத்தை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க. என்னிடம் இருந்த ஒன்றைப் போன வருடமே நல்ல விலைக்கு விற்றுத் தொலைத்துவிட்டேன். கோவைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இரண்டு சில்வியா தருகிறேன். அட்டை வேண்டாம், லூஸ் போதும். பெயிண்ட் போயிருந்தால் இன்னும் நல்லது.